பேஸ் கித்தார் இல்லாத பேஸ் ஒலி
அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1997 இல் உருவான தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இசைக்குழுவில் இருவரே இருந்தனர்: கித்தார் வாசித்துப் பாடிய ஜாக் ஒயிட், டிரம்ஸ் வாசித்த மெக் ஒயிட். பேஸ் கித்தாருக்கு ஆளில்லை. ஆயினும் 2003 இல் வெளியான 'செவன் நேஷன் ஆர்மி' பாடலின் தொடக்கத்தைக் கேட்போர் பலர் அதைப் பேஸ் என்றே எண்ணுவர். அது கித்தார்தான்.

காலால் இயக்கும் 'வாமி' பெடல் அதன் ஒலியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது; அதாவது அதிர்வெண் பாதியாகும். கித்தாரின் தடித்த தந்தி எழுப்பும் 82 ஹெர்ட்ஸ் இவ்வாறு 41 ஆகிறது. பேஸ் கித்தாரின் தடித்த தந்திக்கும் இதே அளவுதான். (இயற்பியல் வகுப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு!)

1982 இல் வந்த பாஸ் ஓசி-2 போன்ற முந்தைய பெடல்கள் ஒற்றைச் சுரங்களையே சரியாகக் கையாண்டன. பல தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலி குழறும்.