ஆடு தொடாத இலை

தஞ்சாவூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரிய கோயிலையும் வீணையையும் தலையாட்டிப் பொம்மையையும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கொல்லை வேலியை யாரும் சொல்வதில்லை. எனக்கென்னவோ, இந்தச் சீமையின் வைத்திய சரித்திரத்தில் அரண்மனைக்கு ஒரு பங்கு என்றால் வேலிக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் தோன்றுகிறது.

முதலில் அரண்மனை. 1799-ல் ஸரபோஜி மன்னர் கும்பினியாரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் ராஜ்யம் கைவிட்டுப் போயிற்று. கோட்டையும் ஜீவனத் தொகையும் மிஞ்சின. ஆள நாடில்லாத ராஜாக்கள் பொழுதைப் போக்க எத்தனையோ வழி உண்டு. இவர் புஸ்தகம் சேர்த்தார், வைத்தியத்தில் இறங்கினார். தன்வந்திரி மஹாலில் நம் வைத்தியமும் இங்கிலீஷ் வைத்தியமும் அருகருகே நடந்தன. கைகண்ட முறைகளைப் புலவர்கள் தமிழ்ப் பாட்டாகக் கட்டினார்கள். 1832-ல் மன்னர் காலமானார்; 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் வம்சத்தின் அரசே முடிந்தது. 1918-ல் ஸரஸ்வதி மஹால் பொது நூலகமாயிற்று. பிற்பாடு 'சரபேந்திர வைத்திய முறைகள்' நீரிழிவு, கண்நோய் என்று நோய்வாரியாக அச்சேறின.

பாட்டு ஏட்டில் பத்திரமாக இருந்தது. பச்சிலை எங்கே இருந்தது? வேலியில்!

ஆடாதோடையைத்தான் சொல்கிறேன். ஆடு தொடாத இலை என்பதே அப்படி மருவியது என்பார்கள். அறுவடை முடிந்ததும் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடுகிற ஊரில், அவை கடிக்காத செடிதானே வேலிக்கு ஆகும்? ஆகவே நொச்சியும் ஆடாதோடையும் வரிசையாக நின்றன. மருந்து என்று யாரும் போற்றி வளர்க்கவில்லை. கசப்பே அதைக் காப்பாற்றிற்று. ஐப்பசி அடைமழையில் வீட்டில் இருமல் கேட்டால், பாட்டி இரண்டு இலையைக் கிள்ளி வந்து மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துத் தேன் விட்டுக் கொடுப்பாள்.

அந்தக் கசப்புக்குள் இருப்பது என்ன என்று 1888-ல் ஒருவர் பிரித்தெடுத்தார். டேவிட் ஹூப்பர் என்று பெயர்; உதகமண்டலத்தில் சென்னை சர்க்காரின் கொயினா ரசாயன நிபுணர். அந்தச் சத்துக்கு வாஸிஸின் என்று பெயர். அதை முன்மாதிரியாக வைத்து ஜெர்மனியில் செயற்கையாகச் செய்த புரோம்ஹெக்ஸின், 1963-ல் கடைக்கு வந்தது. இன்றும் கபத்தை இளக்க டாக்டர் எழுதித் தருகிற மருந்துகளில் அதுவும் ஒன்று. வேலியில் நின்றது உலகம் சுற்றி, சீசாவில் திரும்பி வந்திருக்கிறது.

இதற்குள் நம் வேலிகள் மதில்களாகிவிட்டன. மதிலில் இலை துளிர்க்காது. ஏடு இருக்கிறது, அச்சுப் புஸ்தகமும் இருக்கிறது. இலையைப் பார்த்து இன்னதென்று சொல்கிற கண்தான் வீட்டுக்கு வீடு குறைந்து வருகிறது. அந்தக் கண்ணை எந்த நூலகமும் அலமாரியில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

செடி வைப்பது ஒன்றும் பிரமாதமில்லை. முற்றின குச்சியை ஒரு சாண் ஒடித்து, மழைக் காலத்தில் கிணற்றடி ஓரம் நட்டால் வேர் பிடித்துவிடும். தண்ணீர் தேங்கக் கூடாது. பிறகு வருஷக்கணக்கில் நிற்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இது ஆகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் வாஸிஸினுக்கு உண்டு. இருமலில் ரத்தம் கண்டாலோ, இரண்டு வாரம் நீடித்தாலோ கஷாயத்தை நம்பி உட்கார்ந்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மற்றபடி சாதாரணச் சளிக்கு இரண்டு இலை போதும். கிள்ளும்போது பக்கத்தில் ஒரு குழந்தையை நிறுத்திக்கொள்ளுங்கள்.