தீர்மானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே



மகத் என்றதும் நமக்கு 1927 மார்ச் 20 நினைவுக்கு வரும். அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அள்ளிக் குடித்த நாள் அது. ஆனால் அந்தக் குளம் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, காகிதத்தில், நமக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. இதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923-இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அதையொட்டி 1924-இல் மகத் நகராட்சியும் தீர்மானம் போட்டது. தீர்மானம் குறிப்பேட்டில் ஏறியது, குளத்துப் பக்கம் நம்மவர் போக முடியவில்லை. அப்படிக் கிடந்த தீர்மானத்தை நடைமுறைக்குக் கொண்டுவரத்தான் மகத் ஊர்வலம் நடந்தது. நடந்த ஐந்தாவது மாதம், 1927 ஆகஸ்ட் 4 அன்று, அதே நகராட்சி தன் தீர்மானத்தை ரத்து செய்தது. அதற்குப் பிறகு குளம் பொதுவா, தனிச் சொத்தா என்று வழக்கு. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அண்ணலின் பக்கம் தீர்ப்பு வந்தபோது ஆண்டு 1937.

அன்று கம்பெடுத்து அடித்தவர்களை நாம் மறக்கவில்லை. கூட்டம் போட்டு, கை தூக்கி, மையால் எழுதி ரத்து செய்தவர்களை மறந்துவிட்டோம். ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியின் தண்ணீரையும் சாக்கடையையும் பற்றிப் பேச வந்த இடத்தில் மகத்தை இழுப்பது இதற்காகத்தான். இன்று நம் தெருவுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த மாதிரிக் கூட்டங்களில், அந்த மாதிரிக் குறிப்பேடுகளில் முடிவாகிறது.

நம் பக்கத்து வரலாறும் அதே 1924-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் முன்மொழிந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை, பொது அலுவலகம், கிணறு, குளம், சந்தை ஆகிய எதிலும் எவரையும் சாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிறைவேறியது. செப்டம்பர் 25-இல் அரசாணை எண் 2660 ஆக வெளிவந்தது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தின் தாலுகாக்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. சென்னை அரசாணை அங்கே செல்லாது. ஒரே சாதிக்காரர், ஒரே குடும்பத்துச் சம்பந்திகள்கூட, எல்லையின் இரு பக்கமும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் தாகத்தோடு நின்றார்கள்.

அரசாணை வந்தது, கிணறு திறந்ததா? இங்கே ஒரு விஷயத்தை நின்று பார்க்க வேண்டும். மாகாண அரசு 1920 வாக்கில் தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென்று லேபர் டிபார்ட்மென்ட்டை வளர்த்தெடுத்தது. அந்தத் துறை வீட்டுமனை கொடுத்தது, பள்ளி நடத்தியது, சேரிகளில் கிணறு வெட்டியது. கிணறு வெட்டியதை நாம் குறை சொல்ல மாட்டோம். குட்டை நீரைக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நல்ல நீர் கிடைத்தது. ஆனால் ஊர்க்கிணற்றைத் திறந்துவிடும் கடமை அரசிடம் இருந்தது. அதைச் செய்தால் ஊரோடு மோத வேண்டும். தனிக்கிணறு வெட்டினால் மோத வேண்டியதில்லை. செலவுக் கணக்கிலும் ஒரு நற்பணி சேரும். சட்டம் ஒன்றைச் சொல்ல, வரவுசெலவு வேறொன்றைச் செய்தது. தீண்டாமைக்கு அரசுச் செலவில் ஒரு சுற்றுச்சுவர் எழும்பியது என்றே இதை நாம் வாசிக்கிறோம்.

சட்டங்கள் வளர்ந்துகொண்டேதான் வந்தன. எம்.சி. ராஜா முயன்று கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டின் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் உண்டு. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் முழுவதுமாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதித் தடை கூடாது என்கிறது. 1955-இன் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில்தான் தண்ணீர்க் குழாய் பெயர் சொல்லி இடம்பெற்றது. ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி, குழாய் என்று அந்தப் பட்டியல் நீளும். அதை எழுதியவர்களுக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒருவரை இன்னொருவர் தடுப்பதைத்தான் குற்றம் என்கின்றன. குழாயே போடாமல் விடுவது எந்தப் பிரிவில் வரும்?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘ஊர் டேங்க்’, ‘காலனி டேங்க்’ என்கிற பெயர்கள் யாரையும் துணுக்குற வைப்பதில்லை. லேபர் டிபார்ட்மென்ட் கிணற்றின் பேரப்பிள்ளை அந்தக் காலனி டேங்க். சில ஊர்களில் தனி டேங்கும் கிடையாது. ஊர்க்குழாய் முடிகிற இடத்தில் ஒட்டுப் போட்டுக் காலனிக்கு நீட்டியிருப்பார்கள். பாசனத்தில் கடைமடை என்றால் என்ன என்று விவசாயக் கூலிகளான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குழாயிலும் கடைமடை உண்டு. மேலே உள்ள வீடுகள் மோட்டார் வைத்து உறிஞ்சிய பிறகு, அழுத்தம் செத்துப் போய், கடைசித் தெருவில் காற்றுதான் வரும். வால்வைத் திறக்கிற டேங்க் ஆபரேட்டர் யார், அவர் எந்தத் தெருக்காரர், காலையில் எந்த வால்வை முதலில் திறக்கிறார் என்பதில் ஒரு தெருப் பெண்களின் அன்றைய கூலி அடங்கியிருக்கிறது. தண்ணீர் வரும்வரை காத்திருப்பவள் வேலைக்குப் போக முடியாது.

இந்த மாவட்டத்துக்குத் தண்ணீர் என்பது தாகத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரியின் பாறைக்கடியில் ஊறும் நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் கறை படிகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். சத்துக் குறைந்த உடம்பை அது இன்னும் கடுமையாகத் தாக்கும். கேன் தண்ணீர் வாங்க வழியுள்ளவர் தப்பிக்கலாம். கைப்பம்பை நம்பியவருக்கு வழியில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. 1998-இல் இரு மாநிலங்களும் மத்திய அரசின் முன்னிலையில் ஒத்துக்கொண்ட திட்டம் அது. 2008 பிப்ரவரியில் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் கடனோடு ரூ.1,928.80 கோடித் திட்டம். கர்நாடகத்தில் எதிர்ப்பு மூண்டது, திரையரங்குகளும் பேருந்துகளும் தாக்கப்பட்டன, சென்னையில் திரைத்துறையினர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அங்கே தேர்தல் முடியட்டும் என்று ஏப்ரலில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த 2008 நாள்களின் மேடைப் பேச்சுகளில் நதியின் மானமும் மொழியின் மானமும் காது கிழிய ஒலித்தன. பல் கறுத்த பிள்ளை எங்கோ பின்னால் நின்றது. எல்லையின் இரு பக்கத்து வீரர்களுக்கும் அதன் பெயர் தேவைப்படவில்லை.

தண்ணீர் வந்தது, அது பெரிய காரியம். இதைத் தயங்காமல் சொல்வோம். ஆனால் குடிநீர் வடிகால் வாரியம் ஊராட்சியின் தொட்டிவரைதான் கொண்டுவந்து சேர்க்கும். அங்கிருந்து வீட்டுக்குப் பகிர்ந்தளிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. வரத்துக் குறைகிற நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து ஏற்றினால் ஃபுளோரைடும் கூடவே ஏறும். அந்தக் கலவையை முடிவு செய்வது சென்னையும் அல்ல, டோக்கியோவும் அல்ல. ஊராட்சி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆள் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதற்கு அரசிடம் வாய்ப்பாடு உண்டு. கிராமத்துக்கு நெடுங்காலம் 40 லிட்டர், இப்போது ஜல் ஜீவன் திட்டத்தில் 55. பாதாளச் சாக்கடை இல்லாத நகரத்துக்கு 70. பாதாளச் சாக்கடை இருந்தாலோ வரப்போவதாக இருந்தாலோ 135. அதாவது சாக்கடைதான் தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கிறது. சாக்கடை இல்லாத தெரு பாதித் தண்ணீருக்கே உரியது என்று பொறியியல் கையேடே சொல்லிவிடுகிறது. நகரத்துக்குள் பாதாளச் சாக்கடை எந்தத் தெருக்களோடு நிற்கிறது என்பது ஏன் நம் பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு இந்த வாய்ப்பாட்டைக் காட்டலாம்.

ஓசூருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து ஊர் பெருகிக்கொண்டே இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பழைய நகராட்சி எல்லைக்குள் மட்டும் 1,16,821 பேர். மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, ஆவலப்பள்ளி எல்லாம் நகரத்தோடு சேர்ந்தன. 2019 பிப்ரவரியில் மாநகராட்சி ஆனபோதும் ஊர் முழுவதற்குமான பாதாளச் சாக்கடை ஓசூரில் இல்லை. ஊராட்சி நகரத்தோடு சேர்ந்தால் நிலத்தின் விலை ஏறும், கிராம சபை போய்விடும், நூறு நாள் வேலையும் போய்விடும். சொந்த மனை இல்லாதவர்களுக்கு இதில் முதலாவது லாபமில்லை. மற்ற இரண்டும் நட்டம்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்க்தான். அது நிறைந்தால் லாரி வரும். லாரிக் குழாய் எட்டாத கசடுக்கு ஆள் இறங்குவார். யார் என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதைத் தடைசெய்தது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான சாவுகளைப் பற்றி மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. திராவிட மாதிரி பேசும் இரு கட்சிகளும் இந்த முதலிடத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

பாதாளச் சாக்கடை வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்கும்போதே அதன் மூடியைத் திறக்கப் போவது யார் என்றும் கேட்டாக வேண்டும். 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152, சென்னை நீங்கலாக 20 மாநகராட்சிகளின் பணியிடங்களைத் திருத்தியமைத்துத் தூய்மைப் பணியை வெளிமுகமைகளிடம் விட வழிசெய்தது. ஓசூரும் அந்த 20-இல் ஒன்று. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று உயர்ந்த காலத்தில்தான் அவருடைய நிரந்தர வேலை கரைந்தது. நாளை ஒருவர் குழிக்குள் இறந்தால், அவர் எங்கள் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்ல வழியிருக்கிறது. அந்த வழி ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தம் மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வரும்.

ஓசூரின் இன்னொரு சாக்கடை அரசியல் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. பெங்களூருக்குக் காவிரி நீரைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்த நகரத்துக்கென்று 4.75 டிஎம்சி கூட்டிக் கொடுத்தது. குடிநீருக்கு முதலிடம் என்ற அந்த வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் குடித்த நகரம் கழிக்கவும் செய்யும். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக அந்தக் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. மழைக்காலத்தில் அந்த நுரையைத் தொலைக்காட்சிகள் பனிமலை போலப் படம் பிடிக்கின்றன. அந்தக் கால்வாய் நீரில் முழங்கால் அளவு நின்று நடவு நடும் கால்களைப் படம் பிடிப்பதில்லை. இங்கே ஒகேனக்கல் குழாயில் வருவதும் காவிரி, ஆற்றில் நுரைத்து வருவதும் ஒரு காலத்தில் காவிரியாக இருந்த நீர்தான். முதலாவது எந்தத் தெருவுக்குக் குறைவாகப் போகிறதோ, அந்தத் தெருவின் ஆட்கள்தான் இரண்டாவதில் நின்று வேலை செய்கிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை குடிநீரையும் துப்புரவையும் ஊராட்சிக்கு உரியவையாக வைத்திருக்கிறது. 12-ஆம் அட்டவணை நகராட்சிக்கு அதையே தருகிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலக தண்ணீர் நாள். மகத் நாளுக்கு இரண்டு நாள் கழித்து. மகத் நாளில் நாம் மாலை போடுகிறோம், 22-ஆம் தேதி சபைக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? நகரத்தில் 2022 முதல் பகுதி சபை இருக்கிறது.

அங்கே கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. குழாய் வரைபடத்தில் காலனி எந்த டேங்கில் இணைந்திருக்கிறது, தனி டேங்க் என்றால் ஏன் தனி. கடைசி வீட்டில் கடைசியாக எப்போது ஃபுளோரைடு சோதித்தார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எந்த ஊரின் பக்கத்தில் இடம் பார்த்திருக்கிறார்கள், அங்கே குடியிருப்பவர்கள் யார். ஒப்பந்தத்தில் இயந்திரம் என்று எழுதியிருக்கிறதா, ஆள் என்றா. பதிலை வாயால் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டாம், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்த தேதியைக் குறித்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கூட்டத்தின் குறிப்பு நகலுக்கு மறுநாளே மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்.