சேலம், நாமக்கல் சமவெளிகளின் கோடைக்காலப் பறவைகள்

சேலம், நாமக்கல் சமவெளிகளின் கோடைக்காலப் பறவைகள் என்பது தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் தாழ்நிலங்களிலும் மலையடிவாரங்களிலும் மார்ச் முதல் சூன் வரை காணப்படும் பறவைகளைக் குறிக்கும். இக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகள் திரும்பிச் செல்கின்றன. உள்ளூர்ப் பறவைகள் பல கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. பறவைகளைக் காண ஏற்ற காலம் குளிர்காலமே என்ற கருத்து பரவலாக உள்ளது. எனினும், ஒரு பறவையினம் ஓரிடத்தில் இனப்பெருக்கம் செய்கிறதா அல்லது வந்து தங்கிச் செல்கிறதா என்பதைப் பிரித்தறியக் கோடைக்காலப் பதிவுகள் இன்றியமையாதவை.

நிலவமைப்பு

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 278 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இதன் வடக்கே நகரமலையும் சேர்வராயன் மலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் உள்ளன. சேலம் மாவட்டத்திலிருந்து 1997 சனவரி 1 அன்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கே கொல்லிமலையும் மேற்கு எல்லையில் காவிரி ஆறும் உள்ளன. ஏரிகள், மானாவாரி நிலங்கள், பனை வரிசைகள், பாறைக் கரடுகள், ஆற்றங்கரை ஆகிய ஐந்தும் இப்பகுதிப் பறவைகளின் முதன்மை வாழிடங்கள் ஆகும்.

ஆய்வு வரலாறு

ஆர்தர் வெர்னே என்பவரின் நிதியுதவியுடன் 1929-30ஆம் ஆண்டுகளில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகள் குறித்த அறிவியல் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. சேர்வராயன் மலையும் அதன் அடிவாரத்திலுள்ள குரும்பப்பட்டியும் பறவைகள் சேகரிக்கப்பட்ட இடங்களுள் அடங்கும். இவ்வாய்வின் முடிவுகளை இயூ விசுலர், நார்மன் கின்னியர் ஆகியோர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வெளியிட்டனர். குரும்பப்பட்டியில் பின்னர் 1981இல் உயிரியல் பூங்கா அமைக்கப்பட்டது.

அண்மைக் காலத்தில் பறவை ஆர்வலர்கள் தங்கள் பதிவுகளை 2002இல் தொடங்கப்பட்ட இ-பேர்டு இணையத் தளத்தில் சேர்த்து வருகின்றனர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் சனவரியில் நடைபெறுகின்றன. உலகளவில் மே மாதத்தில் ஒரே நாளில் பறவைகளைப் பதிவு செய்யும் நிகழ்வு 2015 முதல் நடத்தப்படுகிறது.

குறிப்பிடத்தக்க பறவைகள்

திரும்பிச் செல்லும் பறவைகள்

நடு ஆசியாவிலிருந்து வரும் சூறைக்குருவிகள் ஏப்ரல் மாதத்திற்குள் பெரும்பாலும் இப்பகுதியை விட்டு நீங்குகின்றன. தகைவிலான்கள், வாலாட்டிகள் ஆகியவற்றில் வலசை இனங்களும் ஏறத்தாழ இதே காலத்தில் வடக்கு நோக்கிச் செல்கின்றன. காலையிலும் மாலையிலும் குரல் கொடுப்பதால் பெயர் பெற்ற ஆறுமணிக்குருவி, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் பறவையாகும். தெற்கில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும் வழியில் மரங்கள் அடர்ந்த தோட்டங்களில் இது தங்கிச் செல்லும். இத்தகைய பறவைகளை ஓராண்டில் கடைசியாகக் கண்ட நாள் பதிவு செய்யப்பட்டால், வலசைக் காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா என்பதை அறியலாம்.

ஏரிப் பறவைகள்

கோடையில் ஏரி நீர் வற்றும்போது மீன்கள் எஞ்சிய குட்டைகளில் நெருங்கிச் சேர்கின்றன. இதனால் சங்குவளை நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கொக்கு ஆகியவை அங்குக் கூட்டமாக இரை தேடுகின்றன. சேலம் கன்னங்குறிச்சியிலுள்ள மூக்கனேரியும் நாமக்கல் அருகேயுள்ள தூசூர் ஏரியும் பறவை ஆர்வலர்கள் அடிக்கடி செல்லும் நீர்நிலைகள் ஆகும். மூக்கனேரியில் 2010 முதல் குடிமக்கள் குழுவினர் தூர் வாரி, அம்மண்ணைக் கொண்டு ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரங்களை நட்டனர். நீர் சூழ்ந்த இத்தகைய திட்டுகள் பறவைகளுக்கு இரவில் தங்கும் இடமாகப் பயன்படுகின்றன.

தரையில் கூடு கட்டுபவை

மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, சிவப்பு மூக்கு ஆள்காட்டி, கண்கிலேடி ஆகியவை வறண்ட தரையில் சிறு பள்ளத்தில் முட்டையிடுகின்றன. ஆள்காட்டிகள் பொதுவாக நான்கு முட்டைகள் இடும். முட்டைகளின் நிறம் மண்ணையும் கற்களையும் ஒத்திருப்பதால் அருகில் சென்றாலும் எளிதில் தெரிவதில்லை. கடும் வெயிலில் தாய், தந்தைப் பறவைகள் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கின்றன. எனவே அருகில் நீர் கிடைப்பது இவற்றின் இனப்பெருக்கத்திற்குத் துணை செய்கிறது.

பனையைச் சார்ந்தவை

பனங்காடை மார்ச் முதல் சூன் வரை வானில் குட்டிக்கரணமிட்டு இணையைக் கவர்கிறது. பட்டுப்போன பனையின் பொந்துகளில் இது கூடு அமைக்கும். பனை உழவாரன் தன் சிறு கூட்டை உமிழ்நீரால் பனையோலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுகிறது. பனைமரங்களை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று தமிழக அரசின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

குயில் இனங்கள்

குயில் காக்கையின் கூட்டிலும், அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவியின் கூட்டிலும் முட்டையிடுகின்றன. சுடலைக்குயில் ஆப்பிரிக்காவிலிருந்து பருவமழையை முன்னறிவித்து வரும் பறவை என்று கருதப்படுகிறது. வட இந்தியாவில் காணப்படும் பிரிவுக்கு இது பொருந்தும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இப்பறவையின் வேறொரு பிரிவு ஆண்டு முழுவதும் வாழ்கிறது. ஆகவே மே மாதத்தில் சேலத்தில் ஒரு சுடலைக்குயில் தென்படுவதை மட்டும் கொண்டு மழை நெருங்குகிறது என்று முடிவு செய்ய இயலாது.

கரடுகளிலும் ஆற்றிலும் காணப்படுபவை

மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்னிந்தியாவின் பாறை நிறைந்த புதர்க்காடுகளில் மட்டும் வாழும் பறவையாகும். சேர்வராயன் மலை இதன் அறியப்பட்ட வாழிடங்களுள் ஒன்று. ஆற்று ஆலா கோடையில் ஆற்றின் நடுவே வெளிப்படும் மணல் திட்டுகளில் முட்டையிடும் இனமாகும். இவ்விரண்டும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்பு இனங்களாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12 அன்று பாசனத்திற்காகத் திறக்கப்படுகிறது. அணைக்குக் கீழே மணல் திட்டுகளில் கூடு கட்டும் பறவைகள் நீர்மட்டம் உயர்வதற்குள் குஞ்சுகளைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது.

அச்சுறுத்தல்கள்

ஏரிகளில் வண்டல் மண் எடுக்கும் பணி அவை வற்றியிருக்கும் கோடையிலேயே நடைபெறுகிறது. தரையில் கூடு கட்டும் பறவைகளின் இனப்பெருக்கக் காலமும் இதுவே ஆகும். மண் அள்ளும் வாகனங்களால் கூடுகள் அறியாமலே சிதைக்கப்படலாம். சேலம் நகருக்குக் குடிநீர் வழங்கிய பனமரத்துப்பட்டி ஏரியில் நீர்வரத்துக் குறைந்து சீமைக்கருவேலம் பரவியது. இவற்றுடன் கரடுகளில் கல் உடைத்தல், கோடைத் தீ, தெருநாய்கள் ஆகியவையும் பறவைகளைப் பாதிக்கின்றன. காட்டுப் பறவைகளின் முட்டைகளை எடுப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டுள்ளது.

பதிவு செய்யும் முறை

கோடையில் ஒரு பறவையைக் கண்டதாக மட்டும் குறிப்பதைவிட, அது குச்சி சுமந்ததா, குஞ்சுக்கு இரை கொண்டு சென்றதா, கூட்டில் அமர்ந்திருந்ததா என்பதைக் குறிப்பது கூடுதல் பயன் தரும். ஓர் ஏரியில் எந்தப் பகுதியில் எந்த வாரத்தில் கூடுகள் இருந்தன என்பது தெரிந்தால், மண் எடுக்கும் பணியை அப்பகுதியில் சில வாரங்கள் தள்ளி வைக்க இயலும். கூட்டின் அருகில் நீண்ட நேரம் நிற்பதும் நெருங்கி ஒளிப்படம் எடுப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். தாய்ப்பறவை சிறிது நேரம் விலகியிருந்தாலும் நண்பகல் வெயிலில் முட்டைக்குள் உள்ள கரு இறந்துவிடக்கூடும்.