அரிவரி முதல் ஆடிக்கூழ் வரை

வடமராட்சியிலே கரவெட்டி ஒரு பழைய தமிழ்க் கிராமம். விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளை அங்கே அரிவரி வகுப்பிற் சென்று அமர்ந்தான். முதலாம் உலகப் போர் முடிந்த 1918ஆம் ஆண்டுக்கும் அடுத்த போர் மூண்ட 1939ஆம் ஆண்டுக்கும் இடையில், அப்பிள்ளையின் கையில் இருந்த நூல்கள் எவை?

முதலில் வருவது நாவலரின் பாலபாடம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே சென்னையிலிருந்து அச்சியந்திரத்தையும் கொணர்ந்தார். மிஷன் பாடசாலைகள் தம் சமயத்தைப் பாடநூல் வழியே புகட்டியபோது, சைவப் பிள்ளைக்கும் ஒரு நூல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் 1879இல் மறைந்து அரை நூற்றாண்டு சென்ற பின்னும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் பாலபாடமே ஓதப்பட்டது. அதன் வசனம் தெளிவானது, பிழையற்றது. ஆயினும், நான்காம் புத்தகத்தைத் திறந்தால் கடவுள், ஆன்மா, கொலை, களவு, சூது என்று அடுக்கடுக்காக வருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு இது கனமான உணவுதான். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நெட்டுருப் பண்ணப்பட்டன. பொருள் பின்னர் விளங்கும் என்பது அக்கால உபாத்தியாயர்களின் நம்பிக்கை. பலருக்கு அவ்வாறே விளங்கவும் செய்தது.

ஆங்கிலப் பாடசாலைக்குச் சென்ற பிள்ளையின் நிலை வேறு. அங்கே சம்பளம் கட்ட வேண்டும். வாசிப்புப் புத்தகங்களும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. பனங்கூடலின் நடுவே வளர்ந்த பிள்ளை, தான் கண்டறியாத பனிமழையைப் பற்றி வாசித்தான். இலவசக் கல்வி 1945இலேதான் வந்தது.

புத்தகம் எது என்பதினும் முந்திய வினா ஒன்று கரவெட்டியில் இருந்தது: புத்தகம் யாருக்கு? தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலங்களின் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளின் வாயில் அடைபட்டிருந்தது. சேர்த்துக்கொண்ட இடங்களிலும் வாங்கிலே இடமில்லை. நிலத்திலேதான் இருக்க வேண்டும். அக்குலத்திற் பிறந்த கா. சூரன் என்பார் 1914இல் தேவரையாளியிலே சைவ வித்தியாசாலை ஒன்றை நிறுவினார். நாவலர் எந்தச் சைவத்தையும் எந்தத் தமிழையும் போற்றினாரோ, அவற்றையே அவர் தம் இனத்துப் பிள்ளைகளுக்கு உரிமையாக்கினார். அவ்வித்தியாசாலை பின்னர் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. 1930ஆம் ஆண்டளவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்க வேண்டுமென அரசினர் பணித்தபோது, குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்குக்காக ஒரு பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள்!

இதே காலத்திலே பிள்ளை இலக்கியத்தின் போக்கும் மாறத் தொடங்கியது. 1930இலே நா. பொன்னையா சுன்னாகத்திலிருந்து 'ஈழகேசரி'யை வெளியிட்டார். மாணவர் எழுத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. 1935இலே, வித்தியாதரிசி க. ச. அருணந்தியின் ஊக்கத்தால் 'பிள்ளைப் பாட்டு' என்னும் தொகுப்பு வெளிவந்தது. தமிழகத்திற் கவிமணியின் குழந்தைப் பாடல்களைத் தாங்கிய 'மலரும் மாலையும்' 1938இலேதான் நூலாயிற்று என்பதை எண்ணும்போது, யாழ்ப்பாணத்தார் பிந்தியவர் அல்லர் என்பது புலப்படும்.

இத்துறையிற் சிறந்து விளங்கியவர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878இற் பிறந்த இவர் ஒரு தமிழாசிரியர். வகுப்பறையிற் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பாடியவர். ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் கூழும் அவிக்கும் கொழுக்கட்டையும் அவர் பாட்டிலே வந்தன. கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளியும் வந்தது. பிள்ளை வீட்டிலே உண்டதும் தோட்டத்திலே கண்டதும் அச்சிலே ஏறின. அறத்தை அவர் விட்டுவிடவில்லை. வெருளியைக் காட்டிச் சிரிக்க வைத்த பின்னரே அதைச் சொன்னார்.

1932இற் கரவெட்டியிற் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி அவ்வூர் விக்னேசுவராக் கல்லூரியிலே தம் கல்வியைத் தொடங்கினார். பிற்காலத்திற் பேராசிரியராய்த் தமிழிலக்கிய வரலாற்றை ஆராய்ந்த அவர் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய நாள்களிலே, பாலபாடமும் பிள்ளைப் பாட்டும் யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடைகளில் அருகருகே இருந்தன.