கிரகணம் பார்க்க வந்தவரும் ஒரு நட்சத்திரமும்

புதுக்கோட்டை என்றால் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். நட்சத்திர ஆராய்ச்சியிலும் இந்த ஊருக்கு ஒரு சின்ன இடம் உண்டு என்பது அதிகம் பேருக்குத் தெரியாது.

1871 டிசம்பர் 12 அன்று தென்னிந்தியாவில் முழு சூரிய கிரகணம். தொண்டைமான் ராஜாக்கள் ஆண்டுகொண்டிருந்த புதுக்கோட்டைக்கு ரோமிலிருந்து லொரென்சோ ரெஸ்பிகி வந்தார். பொதுவாக நிறமாலைக் கருவியில் ஒரு மெல்லிய பிளவு வழியாகத்தான் ஒளியை அனுப்புவார்கள். அவர் பிளவே இல்லாமல் முப்பட்டகத்தை வைத்துப் பார்த்தார். மறைந்த சூரியனைச் சுற்றியிருந்த ஒளி, தனித்தனி நிற வளையங்களாகத் தெரிந்தது.

கிரகணம் முடிந்தபின் அதே மாதம் சென்னையில் அவர் காமா ஆர்கஸ் நட்சத்திரத்தைப் பார்த்தார். இன்று அதன் பெயர் காமா வெலோரம். சாதாரண நட்சத்திரத்தின் நிறமாலையில் கருங்கோடுகள் இருக்கும். இதிலோ பிரகாசமான கோடுகள்! சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சனும் இதைக் கண்டார். 1867-இல் பாரிஸில் வோல்ஃப், ராயே இருவரும் கண்டுபிடித்த அபூர்வ வகை நட்சத்திரம்தான் இதுவும். அந்த வகையில் வானத்திலேயே மிகப் பிரகாசமானது இதுவே.

இந்தக் கோடுகள் எப்படி வருகின்றன? நட்சத்திரம் மிகச் சூடானது. தன் வாயுவையே நொடிக்கு 1000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வெளியே வீசுகிறது. அந்த வாயுதான் ஒளிர்கிறது. ஆனால் இத்தகைய நட்சத்திரங்கள் பெரும்பகுதி ஒளியைப் புற ஊதாவில்தான் உமிழ்கின்றன. கார்பன், நைட்ரஜன், சிலிக்கன் அயனிகளின் முக்கியமான கோடுகள் பலவும் அங்கேதான். அதை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது. ரெஸ்பிகி எவ்வளவு நல்ல தொலைநோக்கி வைத்திருந்தாலும் அதைப் பார்த்திருக்க முடியாது. விண்வெளிக்குப் போனால்தான் வழி. 1978 முதல் 1996 வரை இயங்கிய ஐ.யு.இ. செயற்கைக்கோள் இந்தக் கோடுகளை அளந்தது. நம்மை நோக்கி வீசும் வாயு, கோட்டை நீல நிறப் பக்கம் நகர்த்தும். அந்த நகர்விலிருந்து காற்றின் வேகம் கணக்கிடப்பட்டது.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் கிளம்பியது. அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியிலும் நிறமாலைக்குப் பிளவு கிடையாது. புதுக்கோட்டையில் ரெஸ்பிகி கையாண்ட அதே யோசனை, முப்பட்டகத்துக்குப் பதில் கீற்றணி, அவ்வளவே வித்தியாசம்.

பிப்ரவரி, மார்ச் இரவுகளில் தெற்கே பாருங்கள். அகத்திய நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், சற்று மேலே, காமா வெலோரம் வெறும் கண்ணுக்கே தெரியும். புதுக்கோட்டை மொட்டை மாடி போதும்.