கிருபையும் கடுதாசிப் பட்டறையும்

தரங்கம்பாடியை அடுத்த பொறையாற்றின் பக்கத்தில் கடுதாசிப் பட்டறை என்று ஓரிடத்துக்குப் பெயர் வழங்கி வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தாள் செய்தவர்கள் வியாபாரிகளல்லர். ஜெர்மன் தேசத்திலிருந்து கிறிஸ்து மார்க்கத்தைப் போதிக்க வந்த பாதிரிமார். பட்டறை நெடுநாள் நடக்கவில்லை, பெயர்தான் நிலைத்தது. மனிதன் செய்யும் எந்தக் கிரியையும் அவனைக் கரையேற்ற மாட்டாது, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசம் ஒன்றே போதும் என்று ஓயாமல் உபதேசித்தவர்கள், வந்து பத்தாண்டு ஆவதற்குள் தாள் காய்ச்சவும், ஈயம் உருக்கி எழுத்து வார்க்கவும், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைக்கவும் புகுந்தது ஏன் என்று கேட்டால், அதற்கு விடை அவர்கள் கொண்டுவந்த உபதேசத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

அந்த உபதேசத்தின் பிறப்பிடம் விட்டன்பர்க். அங்கே வேத சாஸ்திரம் கற்பித்து வந்த மார்ட்டின் லூத்தர் என்னும் துறவி, பாவத்தண்டனையைக் குறைக்கும் சீட்டுகளைப் பணத்துக்கு விற்ற வழக்கத்தை எதிர்த்து 1517இல் தொண்ணூற்றைந்து வாக்கியங்களை வெளியிட்டார். உபவாசத்தாலும் ஜபத்தாலும் தன் மனச்சாட்சியை அமைதிப்படுத்த முயன்று தோற்றிருந்த அவர், பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதிய நிருபத்தைப் படித்துப் படித்து, கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது அவனுடைய புண்ணியத்தைக் கணக்கிட்டு அன்று, கிறிஸ்துவை நம்பியதன் பொருட்டே, அதுவும் இலவசமாக, என்ற முடிவுக்கு வந்தார். இந்த முடிவின் ஒரு பாதியை எல்லோரும் அறிவர். மறுபாதியைப் பலர் கவனிப்பதில்லை. நம்பிக்கை தானாக முளைப்பதன்று. திருவசனம் செவியில் விழுந்தால்தான் அது பிறக்கும். கேட்பவனுக்குப் புரியாத பாஷையில் விழுந்த வசனம் விழாததற்குச் சமம். ஆகையால்தான் லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அச்சிட்டார். கிரியையைத் தள்ளிய உபதேசம் முதல் வேலையாக மொழிபெயர்ப்பாளனையும் அச்சுக்காரனையும் அழைத்தது.

ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், லூத்தரின் வழியினர் சிலர், விசுவாசம் வெறும் சூத்திரமாய் உலர்ந்துவிட்டதென்று வருந்தி, உள்ளம் உடைந்து மனந்திரும்புதலையும், அதன் பலனாய் வரும் நல்லொழுக்கத்தையும் வற்புறுத்தத் தொடங்கினர். 1675இல் அவர்களில் ஒருவரான ஸ்பெனர் எழுதிய சிறுநூல் இவ்வியக்கத்துக்கு வித்திட்டது. ஹாலே நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமும் பள்ளிகளும் நிறுவிய அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அதை மரமாக வளர்த்தார். டென்மார்க்கு அரசன் நாலாம் பிரெடரிக் தன் இந்தியக் குடியேற்றத்துக்கு உபதேசிகளை அனுப்ப விரும்பியபோது, புறப்பட முன்வந்தவர்கள் இந்த இயக்கத்தைச் சேர்ந்த இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள்: சாக்ஸனியில் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்க், மற்றவர் ஹென்ரிக் புளுட்சாவ். 1705 நவம்பரில் கப்பலேறிய இவர்கள் 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து சேர்ந்தனர்.

தரங்கம்பாடி அப்போது டென்மார்க்குக் கம்பெனியின் கைவசம் இருந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு ஓவே ஜெட்டே என்பவர் கட்டிய டான்ஸ்பர்க் கோட்டை கடலோரத்தில் நின்றது. அதற்கும் மூன்று நூற்றாண்டு முந்திய மாசிலாமணிநாதர் கோயில் அலைகளுக்கு ஈடுகொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. கம்பெனிக்கு வேண்டியது மிளகும் துணியும். சுதேசிகளின் ஆன்மாவைப் பற்றி அது கவலைப்பட்டதில்லை. அரசனுடைய முத்திரையோடு வந்தவர்களைக் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் வரவேற்கவில்லை. சில ஆண்டுகளில் சீகன்பால்க்கைச் சிறையிலும் அடைத்து, நான்கு மாதம் அந்தக் கோட்டைக்குள்ளேயே வைத்திருந்தார். கிறிஸ்தவ அதிகாரி கிறிஸ்தவப் பாதிரியைச் சிறையிட்டதைப் பார்த்த ஊரார், இந்த மார்க்கத்தைப் பற்றித் தமக்குள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

சீகன்பால்க் தமிழ் கற்ற விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டு, இருபத்துநாலு வயது வாலிபர் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதினார். அவர்கள் எழுத எழுதத் தாமும் எழுதி, அவர்கள் சொல்லச் சொல்லத் தாமும் சொல்லிப் பழகினார். பின்னர், கம்பெனியில் துபாஷியாக இருந்து பல ஐரோப்பிய பாஷைகளை அறிந்திருந்த அழகப்பன் துணையாக வாய்த்தார். ஏடுகளைத் தேடித்தேடி வாங்கியும் பிரதி செய்வித்தும், 1708க்குள் நூற்றுப்பத்தொன்பது தமிழ் நூல்களுக்கு ஒரு விளக்கப் பட்டியலே எழுதி முடித்துவிட்டார் என்றால், இத்தனை விரைவில் இத்தனை படித்த அந்நியர் அக்காலத்தில் வேறெவரும் உண்டோ என்பது ஐயமே. அதே ஆண்டில் நீதிவெண்பாவையும், கொன்றைவேந்தனையும், உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

இங்கேதான் அவருடைய சங்கடம் தொடங்குகிறது. நற்செயல்களால் மோட்சம் கிட்டாது என்று சாதிக்க வந்தவர், நற்செயலை இவ்வளவு நுட்பமாக ஆராய்ந்து வகுத்த ஒரு ஜனசமூகத்தின் நடுவே வந்து விழுந்துவிட்டார். தமிழருடைய நீதிநூல்களைப் போற்றி எழுதும் போதெல்லாம், ஐரோப்பியக் கிறிஸ்தவர்களை நாணச் செய்யும் ஒழுக்கம் இவர்களிடம் உண்டென்று ஒப்புக்கொள்ளவே செய்தார். ஒப்புக்கொண்ட மறுகணமே, ஆயினும் அது போதாது என்றும் சொல்ல வேண்டியவராயிருந்தார். தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை அவர் 1713இல் பெருநூலாகத் தொகுத்து அனுப்பியபோது ஹாலேயார் அதை அச்சிடவில்லை. அந்நூல் சென்னையில் அச்சேறியது 1867இல்தான்.

ஊரார் தரப்பையும் நாம் அறிய முடிகிறது. 1712 முதல் சில ஆண்டுகள் பாதிரிமார் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதியனுப்பி, வந்த விடைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். உங்கள் ஜனங்கள் ஏன் எங்கள் மார்க்கத்தை ஏற்கவில்லை என்ற கேள்விக்கு வந்த விடை ஒளிவுமறைவற்றது: கிறிஸ்தவர்கள் பசுவைக் கொல்கிறார்கள், மதுவைக் குடிக்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை, இறந்தவர்களின் ஆன்மாவுக்காகச் செய்ய வேண்டிய தர்மங்களைச் செய்வதில்லை. கடைசிக் குற்றச்சாட்டைத்தான் உற்றுநோக்க வேண்டும். லூத்தர் ரோமாபுரியோடு சண்டையிட்டது எதன்பொருட்டோ, அதையே தரங்கம்பாடிக்காரர் குறையாகக் கண்டார். செத்தவனுக்காக ஒன்றுமே செய்யாத மார்க்கம் என்ன மார்க்கம் என்பது அவருடைய வியப்பு.

கிருபையொன்றே கதி என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதென்று சொல்லிவிடவும் முடியாது. குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் ஜீவன் முயல வேண்டுமா, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்வதுபோல் இறைவன் செயலுக்குத் தன்னை விட்டுவிட வேண்டுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்தனர்; சரணாகதியின் சுவையை ஆழ்வார்கள் காட்டிய நாடு இது. விட்டன்பர்க்கின் உபதேசத்தைக் கேட்ட ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர், இது நமக்குத் தெரிந்ததுதானே என்று தலையசைத்திருக்கவும் கூடும். ஆனால், கிறிஸ்து ஒருவரையன்றி வேறு எவரையும் பற்றலாகாது என்ற அந்த ‘மாத்திரம்’ என்னும் கண்டிப்பில்தான் இருவரும் பிரிந்தனர்.

திருவசனம் செவியில் விழ வேண்டுமென்றால் முதலில் அது தமிழில் இருக்க வேண்டும். சீகன்பால்க் 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மூலமான கிரேக்கத்திலிருந்து பெயர்க்கத் தொடங்கி, இடையில் சிறைவாசத்தையும் கடந்து, 1711 மார்ச்சில் முடித்தார். ஓலையில் எழுதிப் பிரதி செய்விப்பது செலவும் காலமும் விழுங்கும் காரியம். லண்டனில் கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கத்தார் ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பினர். அதை ஏற்றிவந்த கப்பல் பிரேசில் தேசத்து ரியோ துறைமுகத்தருகே பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மீண்டது. கூடவந்த அச்சுக்காரர் நன்னம்பிக்கை முனையை எட்டும் வேளையில் மாண்டுபோனார். 1712இல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, இயக்குவார் இல்லை. கம்பெனிப் படையிலிருந்த சிப்பாய் ஒருவனுக்கு அச்சுத்தொழில் தெரியுமென்று கண்டறிந்து, அவனை அழைத்து வேலையில் வைத்தார்கள்.

தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. அந்த எழுத்துகளால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிருப்பிலிருந்த தாள் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். ஆகவே, அவற்றோடு வந்த ஆட்லர் என்பவர் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க முனைந்தார். ஈயத்துக்கு என்ன செய்வது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய உறைகள் கிடந்தன. அவற்றை உருக்கி வார்த்தார்கள். சுவிசேஷங்கள் 1714இலும் மீதிப் பகுதிகள் 1715இலும் வெளிவந்தன. இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. சீமைத் தாளை நம்பியிருந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டுமென்று பொறையாற்றில் பட்டறை வைத்தது இதற்கடுத்த கட்டம். தமிழில் அச்சு இதற்கு முன் இல்லாமலில்லை. கொல்லத்தில் ஹென்ரிக்ஸ் பாதிரியார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578ஐச் சேர்ந்தது. ஆனால் அம்முயற்சி தொடர்ந்து வளராமல் நின்றுவிட்டது. தரங்கம்பாடியில் அச்சு வேரூன்றிவிட்டது. அதைப் பள்ளிக்கூடம் தாங்கி நின்றது. படிப்பவன் இல்லாத ஊரில் புத்தகம் எத்தனை அச்சிட்டால்தான் என்ன?

1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டையாயிற்று. முகப்பில் டென்மார்க்கு அரசனின் கிரீடமும் பெயர்க்குறியும் ஆண்டும் இன்றும் காணலாம். நான்கு மாதம் கழித்து, 1719 பிப்ரவரி 23இல், முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்க் காலமாகி அந்த ஆலயத்திலேயே அடக்கமானார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரையில்தான் அவரால் பெயர்க்க முடிந்தது. மீதியை அவருக்குப்பின் வந்த பாதிரியார் பெஞ்சமின் ஷுல்ட்ஸே முடித்து 1728க்குள் வெளியிட்டார். அவர்களுடைய தமிழ் நடையைக் கத்தோலிக்கப் பாதிரியாரான வீரமாமுனிவர் எள்ளி நகையாடினார் என்பதும், வேதவிளக்கம், லுத்தேரினத்தியல்பு முதலிய நூல்களால் அவர்களுடைய கொள்கையைத் தாக்கினார் என்பதும் தமிழ் இலக்கியம் கற்றோர் அறிந்தவை. ஜெர்மனியில் மூண்ட தர்க்கம் காவிரிக்கரையில் செந்தமிழில் நடந்தது. நடையைப் பொறுத்தவரை முனிவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாமரன் கையில் புத்தகம் போய்ச் சேர்ந்ததைப் பொறுத்தவரை வெற்றி எதிர்த்தரப்பாருக்கே.

அந்தப் புத்தகம் எங்கெங்கோ சென்றது. தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராயிருந்த இராஜநாயக்கன் என்னும் ரோமைக் கத்தோலிக்கர், கைக்குக் கிடைத்த சுவிசேஷப் பிரதியைத் தாமே படித்துத் தரங்கம்பாடியாரை நாடி வந்து, அவர்களுடைய சபையில் உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் நெடுங்காலம் உழைத்தார். வசனத்தைப் படித்த மாத்திரத்தில் விசுவாசம் பிறக்கும் என்ற உபதேசத்துக்கு இவரைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. ஆயினும் குருப்பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1733 டிசம்பர் 28இல் முதன்முதலாகக் குருவாக அபிஷேகமானவர் கடலூர் வேளாளக் குடும்பத்தில் ஆறுமுகம் என்ற பெயரோடு பிறந்த ஆரோன். 1741இல் அடுத்தபடி தியோகு. இராஜநாயக்கன் பறையர் குலத்தவர். அவர் கையால் இராப்போஜனம் வாங்க மற்றச் சாதியார் இணங்கமாட்டார்கள் என்று பாதிரிமார் அஞ்சினர். எல்லோரும் பாவிகள், எல்லோரும் இலவசமாகவே மீட்கப்படுகிறார்கள் என்று பிரசங்கித்த ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு வரிசையாக ஜனங்கள் பிரிந்து உட்கார்ந்தார்கள். கிரியைகளின் ஏணியை உடைத்தவர்கள் பிறப்பின் ஏணியைத் தொடத் துணியவில்லை; இதை அவர்களுடைய தளர்ச்சியென்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கணக்கைத் தீர்க்கும் வேளை நூறாண்டு கழித்து வந்தது. கல்கத்தாவின் அத்தியட்சர் டானியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதியை இனிப் பொறுக்கக் கூடாதென்று கடிதம் விடுத்தார். பாளையங்கோட்டையில் பிறந்து ஜெர்மன் பாதிரியார் ஷுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார், அவ்வித நிர்ப்பந்தத்தை முன்னரே எதிர்த்து எழுதியிருந்தார். அவர் தரப்பாரின் வாதத்தின் சாரம் இது: சாதி உலகியல் வழக்கம்; ஆன்ம இரட்சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; விசுவாசம் ஒன்றே போதுமென்றால் அதற்குமேல் இன்னொரு நிபந்தனையைச் சுமத்த உங்களுக்கு என்ன அதிகாரம்? அத்தியட்சரின் தரப்பாரோ, ஒரே கிருபையால் மீட்கப்பட்டவர்கள் ஒரே பாத்திரத்தில் பருகக் கூசுவார்களாயின் அந்த விசுவாசம் எத்தகையது என்று கேட்டனர். இருதரப்பாரும் ஒரே உபதேசத்தின்மேல் காலூன்றி நின்றே வாதிட்டனர். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினர். 1840களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிஷனார் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுப்பவர்களாயிருந்தமையால், வெளியேறியவர்களில் ஒரு பகுதியார் அங்கே தஞ்சம் புகுந்தனர். அதே காலத்தில், 1845இல், டென்மார்க்கு அரசு தரங்கம்பாடியையும் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போயிற்று.