வலி மாத்திரையும் போதை மரணமும்: குடும்பங்கள் அறிய வேண்டியவை

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் தீக்காயங்களுடன் பிழைத்தனர். அத்தகைய கடும் வலிக்கு மருத்துவர்கள் தரும் மருந்துகளில் மார்பின், டிராமடால் போன்ற ஓபியாய்டு வகைகளும் உண்டு. ஆகவே இவற்றை அடியோடு தடை செய்யச் சொல்வது நம் விருதுநகர் மாவட்டத்துக்குப் பொருந்தாது.

மருந்துச் சீட்டு இல்லாமல் கைமாறும்போதுதான் ஆபத்து. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் டிராமடால் 2018 ஏப்ரலில் கொண்டுவரப்பட்டது. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் டேபென்டடால் அப்போது சேர்க்கப்படவில்லை. பிறகு அந்த மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் இறந்த செய்திகள் தமிழகத்தில் அடுத்தடுத்து வந்தன.

அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிடும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். உதடு நீலம் பூக்கும். தட்டினாலும் விழிப்பு வராது. குறட்டை போன்ற சத்தத்தைக் கேட்டு, "தூங்கட்டும்" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. மோர், எலுமிச்சைச் சாறு புகட்டாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். நாலாக்சோன் என்ற மாற்று மருந்தை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அதன் வேகம் சீக்கிரம் குறையும் என்பதால், கண் விழித்தவரையும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

இந்த மருந்தைப் பயனாளிகளின் குடும்பத்தார் கையிலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே பரிந்துரைத்தது. இங்கே அது மருத்துவமனை ஊசியாகவே இருக்கிறது. இதை மாற்றச் சொல்லி அரசிடம் கேட்பது நியாயமான கோரிக்கை.

"வழக்கு வரும், ஜமாஅத்தில் தலைகுனிவு" என்ற பயத்தில் பல வீடுகள் வாய் திறப்பதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும்; விற்பனை செய்தவருக்கு இது பொருந்தாது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும்; முன்பு எடுத்த அதே அளவே உயிரைப் பறித்துவிடலாம். அந்த நாட்களில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் உண்டு.